யவனர் வீட்டு அடுப்படியில் நம் மிளகு

கோத்தா திங்கி வட்டாரத்தில் வாழ்பவர்களுக்கு ஜொகூர் ஆற்றைப் பற்றி நாம் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த ஆற்றங்கரையில் கிடைத்த சின்னஞ்சிறு மணிகளைப் பற்றி உங்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள்?

ஜொகூரில் ரப்பர் விற்பனையை மேற்பார்வையிடும் அரசு அலுவலராக இருந்தவர் ஜெரால்டு கார்ட்னர் என்னும் ஆங்கிலேயர். பழம்பொருள் என்றால் அவருக்கு உயிர். ஜொகூர் ஆற்றங்கரையில் கிடைத்த பழைய மணிகளைச் சேகரித்து ஆராய்ந்து, 1937-ல் லண்டனிலிருந்து வெளிவரும் அரச ஆசியக் கழகத்தின் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். மலாயாவுக்கும் ரோமாபுரிப் பேரரசுக்கும் இடையே கடல் வழியாகப் பழங்காலத்திலேயே தொடர்பு இருந்தது, அதற்கு இந்த மணிகளே சாட்சி என்பது அவருடைய வாதம்.

மணியை மட்டும் வைத்துக்கொண்டு ரோமாபுரிக் கப்பல் ஜொகூருக்கு வந்தது என்று முடிவு கட்டிவிட முடியாது. மணி கைக்குக் கை மாறும். பாட்டி கழுத்திலிருந்து பேத்தி கழுத்துக்குப் போகும். பல துறைமுகங்களைக் கடந்து, பல தலைமுறைக்குப் பிறகும் ஓர் ஊருக்கு வந்து சேரலாம். ஆனாலும் ஒன்று உறுதி. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் எகிப்து நாட்டின் அலெக்சாந்திரியா நகரில் இருந்த தாலமி என்ற கிரேக்க அறிஞர் தம் நூலில் 'பொன் தீபகற்பம்' என்று ஒரு நாட்டைக் குறித்து வைத்தார். அது நாம் வாழும் இந்த மலாய்த் தீபகற்பமே என்பது அறிஞர்களின் பொதுவான முடிவு.

அந்தக் கிரேக்கரையும் ரோமானியரையும்தான் நம் முன்னோர் 'யவனர்' என்று அழைத்தார்கள். அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள்? எந்தச் சாமியைக் கும்பிட்டார்கள்? அவர்களுடைய தோட்டங்களில் வேலை செய்தவர்களின் பாடு என்ன? வாருங்கள், பார்ப்போம்.

காற்று வாக்கில் வந்த கப்பல்கள்

யவனர் நம் கரைக்கு வந்ததற்கு முதல் காரணம் மிளகு. எகிப்தின் செங்கடல் துறைமுகங்களிலிருந்து ஜூலை மாத வாக்கில் கப்பல்கள் புறப்படும். தென்மேற்குப் பருவக்காற்று அவற்றைச் சேரநாட்டு முசிறித் துறைக்குக் கொண்டுவந்து சேர்க்கும். சரக்கை மாற்றிக்கொண்டு, காற்று திசை மாறும்வரை காத்திருந்து, டிசம்பர், ஜனவரி மாதங்களில் வடகிழக்குக் காற்றோடு திரும்பிப் போவார்கள். பொன்னோடு வந்த யவனரின் கலங்கள் மிளகோடு திரும்பியதை அகநானூற்றிலும் காணலாம்.

மிளகு என்றதும் ஜொகூர் வாசகர்களுக்கு இன்னொன்றும் நினைவுக்கு வரவேண்டும். பால்மரம் வருவதற்கு முன்பு, 19-ஆம் நூற்றாண்டில் இந்த மாநிலத்தின் ஆற்றோரக் காடுகளை அழித்துச் சீனர்கள் பயிரிட்டவை காம்பியரும் மிளகும்தானே! கங்கார் பூலாய், கங்கார் தெப்ராவ் போன்ற ஊர்ப்பெயர்கள் அந்தக் காலத்தின் அடையாளங்கள். இன்றைய ஜொகூரின் செல்வத்துக்கு அடிக்கல் நாட்டிய பயிர்களில் மிளகும் ஒன்று.

ரோமாபுரியில் அதற்கு என்ன விலை தெரியுமா? பிளினி என்ற எழுத்தாளர் கி.பி. முதல் நூற்றாண்டு விலையைக் குறித்து வைத்திருக்கிறார். ஒரு ராத்தல் கறுப்பு மிளகு 4 தினாரி. வெள்ளை மிளகு 7 தினாரி. திப்பிலி 15 தினாரி. அவர்களுடைய ராத்தல் நம் கிலோவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ரோமாபுரிப் படைவீரனுக்கு அப்போது ஆண்டுச் சம்பளமே 225 தினாரிதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ராத்தல் கறுப்பு மிளகு வாங்க அவன் ஆறேழு நாள் உழைக்க வேண்டும்!

அப்படியும் வாங்கினார்கள். இங்கிலாந்தின் வடகோடியில் விண்டொலாண்டா என்ற ரோமானியக் கோட்டை இருந்தது. அங்கே கிடைத்த மரப்பலகைக் கணக்கு ஒன்றில், ஓர் ஆள் 2 தினாரிக்கு மிளகு வாங்கிய பற்று எழுதப்பட்டிருக்கிறது. கடைக்காரரின் பற்றுப் புத்தகம் நம் தோட்டத்துக் கடையோடு பிறந்ததல்ல என்பது இப்போது புரிகிறதா? அந்தக் குளிர்நாட்டுக் கோட்டையில் யாரோ ஒருவன் காரமாக ஒரு வாய் சாப்பிட, கேரளத்து மலைச்சரிவில் யாரோ ஒருத்தி கொடியிலிருந்து மிளகு பறித்திருக்கிறாள்.

காரத்துக்காக மட்டும் விரும்பப்படும் ஒரு பொருளுக்காக இந்தியா வரை போகிறோமே என்று பிளினி அலுத்துக்கொண்டார். ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் காசு இந்தியாவுக்குப் போய்விடுகிறது என்றும் புலம்பினார். 4 செஸ்டர்ஸ் சேர்ந்தது ஒரு தினாரி. வியன்னா நகரில் பாதுகாக்கப்படும் 2-ஆம் நூற்றாண்டு ஓலை ஒன்றில், முசிறியோடு நடந்த வாணிகத்தின் ஒப்பந்தம் இருக்கிறது. 'ஹெர்மபொல்லோன்' என்ற ஒரே கப்பலில் வந்த சரக்கின் மதிப்பு ஏறத்தாழ 70 லட்சம் செஸ்டர்ஸ். இறக்குமதியில் நாலில் ஒரு பங்கை அரசாங்கம் வரியாக எடுத்துக்கொண்டது.

சோழநாட்டுப் பக்கமும் யவனச் சரக்கு வந்தது. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்து பார்த்தபோது, இத்தாலி நாட்டு மண்பாண்டங்களும், திராட்சை மதுவும் எண்ணெயும் கொண்டுவந்த இரட்டைக் கைப்பிடிச் சாடிகளின் உடைசல்களும் கிடைத்தன.

வீட்டுக்கு ஒரு சாமி மாடம்

சரி, அந்த மிளகு போய்ச் சேர்ந்த வீட்டுக்குள் நுழைந்து பார்ப்போம்.

கி.பி. 79-ல் வெசுவியஸ் எரிமலை வெடித்து, இத்தாலியின் பொம்பெயி நகரம் சாம்பலில் புதைந்தது. அதனால் அந்த நகரத்து வீடுகள் அப்படியே நமக்குக் கிடைத்திருக்கின்றன. வீட்டுக்கு வீடு சாமி மாடம் இருக்கிறது. சில வீடுகளில் கூடத்தில். பல வீடுகளில் அடுப்படியிலேயே. மாடத்தில் 'லாரஸ்' என்னும் வீட்டுத் தெய்வங்கள். கீழே சுவரில் பாம்பு உருவம் தீட்டியிருக்கும். இடத்தையும் குடும்பத்தையும் காக்கும் சக்தியைப் பாம்பு வடிவில் வரைந்தார்கள்.

வீட்டுத் தலைவர்தான் பூசாரி. மாலை சாத்துவார்கள்; சாம்பிராணி போன்ற வாசனைப் பிசினைப் புகைப்பார்கள்; சாப்பிடும் வேளையில் ஒரு பங்கை எடுத்து நெருப்பில் இடுவார்கள். அடுப்பு நெருப்புக்கே ஒரு தெய்வம் உண்டு. கிரேக்கர் அவளை ஹெஸ்தியா என்றார்கள். ரோமானியர் வெஸ்டா என்றார்கள்.

பிள்ளைகளுக்குக் கண்படாமல் இருக்கக் கழுத்தில் 'புல்லா' என்ற தாயத்தைக் கட்டினார்கள். பையன் ஆளானதும் அதைக் கழற்றி வீட்டுச் சாமி முன் வைப்பான். பெண் கல்யாணத்துக்கு முன்பு தன் விளையாட்டுப் பொம்மைகளைச் சாமிக்குக் கொடுத்துவிடுவாள். பிப்ரவரி மாதத்தில் ஒன்பது நாட்கள் இறந்துபோன பெற்றோருக்கு உரியவை. கல்லறைக்குப் போய்ப் பூமாலை, தானியம், உப்பு, மதுவில் நனைத்த ரொட்டி ஆகியவற்றைப் படைப்பார்கள்.

இதைப் படித்ததும், 'அட, இதெல்லாம் நம்ம வீட்டுப் பழக்கம் ஆயிற்றே!' என்று உங்களுக்குத் தோன்றும். அவர்கள் நம்மிடமிருந்து கற்றார்கள், நாம் அவர்களிடமிருந்து கற்றோம் என்று உடனே சொல்லிவிடக் கூடாது. பிள்ளைக்கு நோய் வரக் கூடாது, அடுப்பு அணையக் கூடாது, செத்தவர்களை மறக்கக் கூடாது. எந்த நாட்டுத் தாய்க்கும் இதே கவலைதான். ஒரே கவலை இருக்கும் இடங்களில் ஒரே மாதிரி வழிபாடு பிறப்பதில் வியப்பில்லை.

ஆனால் இந்திய உருவங்கள் உண்மையிலேயே அங்கே போயிருக்கின்றன. 1938-ல் பொம்பெயியில் தந்தத்தால் ஆன இந்தியப் பெண் சிலை ஒன்று கிடைத்தது. லட்சுமி என்று முதலில் சொன்னார்கள். யட்சியாக இருக்கலாம் என்று பின்னால் சொன்னார்கள். 2022-ல் எகிப்தின் பெரெனிகே துறைமுகத்தில், ஈசிஸ் அம்மன் கோயிலில் புத்தர் சிலை ஒன்றும் கிடைத்தது. அதே ஊரில் செராபிஸ் சாமி கோயில் வளாகத்தில், இந்தியாவில் வனைந்த பெரிய சாடி ஒன்றில் ஏழரைக் கிலோ கறுப்பு மிளகு அப்படியே இருந்தது. மிளகு சமையலுக்கு மட்டுமல்ல, சாமிக்கும் போயிருக்கிறது!

அவர்கள் நாட்டுத் தோட்டமும் லயமும்

இதுவரை சொன்னது வசதியுள்ள வீட்டுக் கதை. இனிச் சொல்லப்போவது தோட்டத்துக் கதை. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

ரோமாபுரிப் பெரியவர்களுக்கு ஊருக்கு வெளியே திராட்சைத் தோட்டமும் ஒலிவத் தோட்டமும் இருந்தன. முதலாளி நகரத்தில் இருப்பார். தோட்டத்தை நடத்த 'விலிகஸ்' என்ற ஒரு கங்காணி இருப்பான். அவனும் அடிமைதான். அவனுக்குக் கீழே அடிமைக் கூட்டம். கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த காட்டோ என்ற பிரபு, தோட்டத்தை எப்படி நடத்த வேண்டும் என்று ஒரு நூலே எழுதினார். கங்காணி எல்லாருக்கும் முன்னால் எழ வேண்டும், எல்லாருக்கும் பின்னால் படுக்க வேண்டும் என்பது அவர் விதி. விடியுமுன் பெரட்டுக்கு நின்ற நம் பெரியவர்களுக்கு இதில் புதுமை ஒன்றும் இராது.

படி எவ்வளவு? வயலில் வேலை செய்பவனுக்குக் குளிர்காலத்தில் மாதம் 4 மோடி கோதுமை. கோடையில் நாலரை மோடி. 4 மோடி என்பது ஏறக்குறைய 35 லிட்டர். தொட்டுக்கொள்ள, கீழே உதிர்ந்த ஒலிவக் காய். அது தீர்ந்தால் மீன் ஊறலும் காடியும். மாதத்துக்கு அரை லிட்டர் எண்ணெய். ஆண்டுக்கு ஒரு மோடி உப்பு. உடுத்திக்கொள்ள ஓர் அங்கி. மேலே போர்த்திக்கொள்ள இரண்டு ஆண்டுக்கு ஒரு போர்வை. புதியது கொடுக்கும்போது பழையதைத் திருப்பி வாங்கிவிட வேண்டுமாம், ஒட்டுத்துணி தைப்பதற்கு! தோட்டத்தில் விற்றுவிட வேண்டியவற்றின் பட்டியலையும் காட்டோ தருகிறார். கிழட்டு மாடு, பழைய வண்டி, துருப்பிடித்த இரும்பு ஆகியவற்றோடு வயதான அடிமையும் நோயாளி அடிமையும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள்.

முரண்டு பிடிப்பவர்களுக்குச் சங்கிலி. அவர்களை அடைக்கத் தரைக்கடியில் ஓர் அறை. அதன் சன்னல்கள் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும் என்று கொலுமெல்லா என்ற மற்றொரு தோட்ட நூலாசிரியர் கூறுகிறார்.

நம் பாட்டன் பாட்டி சஞ்சி எழுதிக் கொடுத்தும் கங்காணி வழியாகவும் மலாயாவுக்கு வந்தவர்கள். சஞ்சிமுறை 1910-ல் ஒழிக்கப்பட்டது. கங்காணி வழி ஆள் எடுப்பது 1938-ல் நின்றது. அவர்கள் பட்ட கஷ்டம் சிறிதல்ல. ஆனாலும் அவர்களை விலைக்கு விற்க எந்தத் துரைக்கும் உரிமை இருக்கவில்லை. ரோமாபுரி அடிமைக்கு அந்த வேறுபாடுகூடக் கிடையாது. அவன் உடம்பே இன்னொருவனுடைய சொத்து. கிரேக்கரான புளூட்டார்க் என்பவர் பின்னாளில் காட்டோவின் வரலாற்றை எழுதும்போது, உழைத்துக் கிழடான மாட்டைக்கூடத் தாம் விற்கமாட்டேன் என்று குறிப்பிட்டு, அவருடைய மனப்போக்கைக் கண்டித்தார். அந்தக் காலத்திலும் மனச்சாட்சி உள்ளவர்கள் இருந்திருக்கிறார்கள்.

பொம்மையும் பந்தும்

தோட்டத்து மக்களுக்கு என்று ஒரு திருவிழா இருந்தது. பெயர் 'கொம்பிதாலியா'. பாதைகள் சந்திக்கும் முச்சந்தி, நாற்சந்தியில் சிறு கோயில் இருக்கும். எல்லைச்சாமி என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஆண்டுக்கு ஒருமுறை, குளிர்காலத்தில், அந்தச் சாமிக்கு விழா. கங்காணி தானாகப் பூசை செய்யக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்ன காட்டோகூட, இந்த விழாவுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார். கங்காணியின் துணைவி நாள்தோறும் படுக்கைக்குப் போகுமுன் அடுப்பைச் சுற்றிப் பெருக்கிச் சுத்தம் செய்ய வேண்டும். விசேஷ நாட்களில் அடுப்பின் மேல் மாலை தொங்கவிட்டு வீட்டுத் தெய்வத்தை வேண்ட வேண்டும் என்பதும் அவர் நூலில் உண்டு.

அந்த விழாவின் இரவில் கம்பளி நூலால் செய்த உருவங்களைக் கோயிலில் தொங்கவிடுவார்கள். வீட்டிலுள்ள சுதந்திர மனிதர் ஒவ்வொருவருக்கும் மனித உருவில் ஒரு பொம்மை. அடிமை ஒவ்வொருவனுக்கும் ஒரு கம்பளிப் பந்து. ஆம், வெறும் பந்து! கையில்லை, காலில்லை, முகமில்லை. சாமி கணக்கெடுக்கும்போதுகூட ஒருவன் ஆளாகத் தொங்கினான், இன்னொருவன் உருண்டையாகத் தொங்கினான்.

ஆனால் உருண்டையாக எண்ணப்பட்டவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. ரோமாபுரிக்குத் தெற்கே லனுவியம் என்ற ஊரில் கி.பி. 136-ல் ஒரு சங்கம் தன் சட்டதிட்டங்களைக் கல்லில் வெட்டி வைத்தது. அது என்ன சங்கம் தெரியுமா? நம்மவர்கள் தோட்டத்துக்குத் தோட்டம் நடத்திய மரண சகாய நிதி போன்ற ஒன்றேதான்! சேருவதற்கு 100 செஸ்டர்ஸும் ஒரு சாடி நல்ல மதுவும். பிறகு மாதம் 5 செப்புக்காசு சந்தா. ஒழுங்காகக் கட்டி வந்தவர் இறந்தால் ஈமச் செலவுக்கு 300 செஸ்டர்ஸ்.

அந்தச் சங்கத்தில் அடிமைகளும் உறுப்பினர்கள். விடுதலை கிடைத்த அடிமை, மகிழ்ச்சிக்கு அடையாளமாகச் சங்கத்துக்கு ஒரு சாடி மது கொடுக்க வேண்டும். இன்னொரு விதியைப் படிக்கும்போது நெஞ்சு கனக்கிறது. உறுப்பினரான அடிமை ஒருவன் இறந்து, அவனுடைய எஜமான் பிணத்தைக் கொடுக்க மறுத்துவிட்டால் என்ன செய்வது? அவனைப் போல ஓர் உருவம் செய்து, அந்த உருவத்துக்கு ஈமச் சடங்கு நடத்த வேண்டும்!

வாசகர்களே, இதை எண்ணிப் பாருங்கள். உயிரோடு இருந்தபோது சாமி முன் பந்தாகத் தொங்கியவனுக்கு, செத்த பிறகு கூட்டாளிகள் ஒன்றுகூடி மனித உருவம் செய்து மரியாதை செய்தார்கள். மாதம் 5 செப்புக்காசில் அவர்கள் வாங்கியது அந்த மரியாதையைத்தான்.

பானை ஓட்டில் நம் பெயர்

அப்படியானால், அந்தக் கடல் வாணிகத்தில் நம்மவர் எங்கே? மிளகு விற்ற அரசனைப் பற்றிப் பாட்டு உண்டு. மூட்டை சுமந்தவனைப் பற்றி?

எகிப்தின் செங்கடல் கரையில் குசெய்ர் என்ற ஊருக்கு அருகே ஒரு பழைய துறைமுகம் இருந்தது. அங்கே கிடைத்த உடைந்த பானை ஓடுகளில் தமிழ் பிராமி எழுத்து இருக்கிறது. ஓர் ஓட்டில் 'கணன்', இன்னோர் ஓட்டில் 'சாதன்'. மற்றொன்றில் இருப்பது ஆள் பெயரல்ல. கயிற்று உறியில் தொங்கவிடும் பானை என்னும் பொருள்படும் தமிழ்ச் சொற்கள்! நம் பாட்டிமார் பூனைக்கு எட்டாமல் தயிரும் மோரும் தொங்கவிட்ட அதே உறி. பெரெனிகேயிலும் கொற்றன் என்னும் பெயரோடு தொடர்புடைய தமிழ் எழுத்து ஒரு சாடி ஓட்டில் கிடைத்தது.

இந்தப் பக்கமும் பாருங்கள். நம் தீபகற்பத்தின் மேல்பகுதியில், தென் தாய்லாந்தின் கிராபி மாநிலத்தில் குவான் லுக் பாட் என்ற இடத்தில் சிறிய உரைகல் ஒன்று கிடைத்தது. பொன்னை உரைத்துப் பார்க்கும் கல். அதில் 'பெரும்பதன் கல்' என்று தமிழில் எழுதியிருக்கிறது. கி.பி. 3 அல்லது 4-ஆம் நூற்றாண்டு. பெரும்பதன் என்ற தமிழ்ப் பொற்கொல்லர், தம் கல்லை யாரும் எடுத்துவிடக் கூடாது என்று பெயர் எழுதி வைத்திருக்கிறார். தட்டிலும் தூக்குச் சட்டியிலும் நாம் பெயர் வெட்டி வைப்பதில்லையா? அதுபோலத்தான்.

கணனும் சாதனும் பெரும்பதனும் அரசர்கள் அல்லர், புலவர்களும் அல்லர். கைத்தொழில் செய்து, சரக்கு ஏற்றி இறக்கி வாழ்ந்தவர்கள். தங்கள் சாமானில் பெயர் எழுதினார்கள். அவ்வளவுதான் செய்தார்கள். அதனால் 2,000 ஆண்டுக்குப் பின்னும் தமிழன் அங்கே போனான், இங்கே வந்தான் என்று உலகம் ஒப்புக்கொள்கிறது. மிளகு பறித்தவள் எதிலும் பெயர் எழுதவில்லை. அவள் யார் என்று எவருக்கும் தெரியாது.

இப்போது நம் வீட்டைப் பார்ப்போம். ஜொகூரில் எத்தனையோ தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. லயம் இருந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போயிற்று. கோயில் இடம் மாறியது, பள்ளி இடம் மாறியது. வீடு மாறும் நாளில் பழைய இரும்புப் பெட்டியைக் குப்பைக்குத் தள்ளுகிறோம். அதற்குள் என்ன இருந்தது என்று பார்த்தோமா? பாட்டனின் கப்பல் சீட்டோ, சம்பளத் துண்டோ, சங்க அட்டையோ, மரண சகாய நிதியின் சந்தாப் புத்தகமோ இருந்திருக்கலாம்.

ஆகவே ஒரு சின்ன வேலை. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். வீட்டில் வயதானவர் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அவர் பெயர், அவருடைய தாய் தகப்பன் பெயர், தமிழ்நாட்டில் எந்த ஊர், எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, எத்தனை ஆண்டு மரம் வெட்டினார், தோட்டத்துக் கோயிலில் யார் முதலில் கல் நட்டது என்பதையெல்லாம் எழுதுங்கள். பாட்டியின் பெயரை மறவாமல் எழுதுங்கள். பெண்களின் பெயர்தான் முதலில் மறந்துபோகிறது. பழைய படங்களின் பின்பக்கத்தில் யார் யார் என்று பென்சிலால் குறித்து வையுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள். அவர்களுக்கும் தமிழ் எழுதிப் பழகியதாகும்.

கணனுக்கும் சாதனுக்கும் கிடைத்தது உடைந்த பானை ஓடுதான். நமக்குக் காகிதமும் பேனாவும் இருக்கின்றன. வருகிற ஞாயிற்றுக்கிழமையே தொடங்கலாம் அல்லவா?